தில்லைநகரில் வாடகைக்கு

கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு மாற்றல் என்றதும் எல்லோரும் சொன்ன ஒரே பெயர் தில்லைநகர். நடுவே மெயின் ரோடு, இரண்டு பக்கமும் எண் போட்ட கிராஸ் தெருக்கள். முகவரி சுலபம்தான். கிழக்கா மேற்கா என்று கேட்காமல் ஆட்டோவில் ஏறினால் மட்டும் அலைச்சல். நான் ஏறினேன், அலைந்தேன்.

தனி வீடுகளும் வேப்பமரமுமாக இருந்த தெருக்களில் இப்போது ஸ்கேன் சென்டர், பல் டாக்டர், துணிக்கடை. நான் பார்த்த முதல் வீட்டில் கீழே கிளினிக். கேட்டை அடைத்து ஏழு பைக். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மட்டும்தான் சார் இப்படி" என்றார் ஓனர். நான் வேலை முடிந்து வீடு திரும்புவதே அந்த நேரம்தான்!

அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. அந்தச் சந்தில்தான் எல்லா ஓனர்களும் குடியிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே உறையூர். சோழர்களின் பழைய தலைநகரம், அப்புறம் கைத்தறி, சுருட்டு. தில்லைநகர் அதற்கு முன்னால் நேற்று பிறந்த பிள்ளை. வாடகை என்னவோ பிள்ளைக்குத்தான் கூடுதல்.

கடைசியில் மேற்குப் பக்கம் இரண்டாம் மாடியில் ஒரு வீடு அமைந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மலைக்கோட்டை தெரிகிறது. அதற்கும் சேர்த்துத்தான் வாடகை என்று ஓனர் சொல்லிவிட்டார்.