நேற்று இருந்த டிஎஸ்சி இன்று எங்கே?

புது புராஜெக்ட் நோட் 20 கேட்டது (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் 20-ஆம் பதிப்பு). நோட் பதிப்புகளை நிறுவி மாற்றித் தரும் என்விஎம்தான் இருக்கிறதே என்று ஒரே கட்டளையில் இறக்கிவிட்டேன். அடுத்த நிமிடம் டிஎஸ்சி என்று அடித்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது உபுண்டு. மதியம் வரை ஓடிக்கொண்டிருந்த டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர்!

பழக்கதோஷம், முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டு மறுபடி நிறுவப் பார்த்தேன். இப்போது, நோடோடு வரும் பேக்கேஜ் நிறுவியான என்பிஎம்மையே காணோம். சூடோ தன் பட்டியலில் உள்ள அடைவுகளில் மட்டும்தான் தேடும். என்விஎம் வைத்த நோடோ என் ஹோம் அடைவுக்குள் இருக்கிறது. கிடைக்காததும் நல்லதுதான். கிடைத்திருந்தால் பாதி கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயரில் போய் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம்தான் என்விஎம்மின் அடைவைத் திறந்து பார்த்தேன். அதுவரை ஓடிய பழைய நோட் 18-க்கு ஒரு வீடு, 20-க்கு ஒரு வீடு. குளோபல் என்று நிறுவியதெல்லாம் அந்தந்த வீட்டுக்கு மட்டும்தான் குளோபல். (பெயர் வைத்தவரை என்ன சொல்ல!) டிஎஸ்சி பத்திரமாக 18-இல் இருந்தது. சூடோ இல்லாமல் 20-இல் நிறுவினேன், வந்துவிட்டது. நோட் 20-ஐ இறக்கும்போதே 'ரீஇன்ஸ்டால்-பேக்கேஜஸ்-ஃப்ரம்' போட்டு 18-ஐக் காட்டியிருந்தால் எல்லாம் தானாகவே வந்திருக்கும்.

சரி, முடிந்தது என்று காபி குடித்துவிட்டு வந்து புது டெர்மினல் திறந்தால் மறுபடி 18. புது டெர்மினலில் எந்தப் பதிப்பு வர வேண்டும் என்று என்விஎம்முக்குச் சொல்லும் டிஃபால்ட் அலியாஸை 20-க்கு மாற்றிய பிறகுதான் அடங்கியது.