நொய்யல் நாட்குறிப்பு: கல்லுக்குப் பல் விளக்கியது

ஜனவரி 4

காலையில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு, மதியம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. இரண்டு இடத்திலும் ஐந்தைந்து கற்களை எடுத்து, மேலே படிந்திருந்த வழவழப்பான பழுப்புப் படலத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து டப்பாவில் கழுவிக்கொண்டேன். அதில் இருக்கும் டயட்டங்களை, அதாவது சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசிகளைப் பார்க்கத்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன அம்மிணி, கல்லுக்குப் பல்லு வெளக்கி உடறே?" என்றார். பதில் சொல்வதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தண்ணீரின் உப்பைக் காட்டும் கடத்துதிறன் மீட்டர் மேலே சித்திரைச்சாவடியில் மூன்று இலக்கம். கீழே ஒரத்துப்பாளையத்தில் நான்கு.

ஜனவரி 6

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சூடாக்கினேன். உயிர்ப்பொருள் போய் சிலிக்கா ஓடு மட்டும் மிஞ்சும். ஓட்டின் கோடுகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அவசரத்தில் டப்பாவில் இருந்த மொத்தத்தையும் ஊற்றிவிட்டேன்.

ஜனவரி 9

நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு, எண்ணெய் லென்ஸ். சித்திரைச்சாவடி ஸ்லைடில் அக்னாந்திடியம், கோம்போனிமா என்று தெரிந்த டயட்டம் முகங்கள்தான்.

ஒரத்துப்பாளையம் ஸ்லைடில் நீளக் குச்சிகள். முதலில் உல்னேரியா என்று எழுதினேன். ஆனால் உல்னேரியாவில் குறுக்குக் கோடுகள் இரு ஓரத்திலிருந்தும் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை வரும். இதில் ஓரத்தோடு குட்டிக் குட்டியாக நின்றுவிடுகின்றன, நடுவில் அகலமாக வெற்றிடம். அடிஸ்கேலில் இரண்டு பக்கமும் மில்லிமீட்டர் கோடு போட்ட மாதிரி. அடித்துவிட்டு டாபுலேரியா என்று மாற்றினேன். கூடவே வேறொரு ஒல்லிக் குச்சி. நிட்சியா ஏதோ ஒன்று என்று எழுதி நகர்ந்துவிட்டேன்.

ஜனவரி 11

டாபுலேரியா, ஆறு கடலில் கலக்கும் உப்பான முகத்துவாரங்களில் சகஜம். இங்கிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்காகத் திகைக்க வேண்டியதில்லை: பெர்லினுக்குத் தெற்கே ஸ்பெரென்பெர்க்கில், உள்நாட்டு உப்பு நிலத்து டயட்டங்களை வைத்துத்தான் ஆய்வாளர் கோல்பே 1927இல் உப்புநீர் டயட்டங்களை வகை பிரித்து எழுதினார். நொய்யலுக்கு உப்பு வந்த வழி ஊருக்கே தெரியும். பருத்தியில் சாயம் ஏற உப்பு போடுவார்கள். அது துணியில் நிற்காமல் கழிவோடு வந்துவிடும். பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கேதான் இடிக்கிறது. சிலிக்கா ஓடு மட்காது. நான் பார்த்தவை போன வாரம் வாழ்ந்தவையா, அணைச் சேற்றிலிருந்து அடித்து வந்த பழைய ஓடுகளா? சுத்தம் செய்த ஸ்லைடில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொஞ்சத்தைப் பெராக்சைடு ஊற்றாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். இனிப் பொங்கல் கழிந்துதான்.

ஜனவரி 19

மறுபடி ஒரத்துப்பாளையம். பாட்டியைக் காணோம். சாயங்காலமே ஒரு சொட்டை அப்படியே ஸ்லைடில் வைத்து நானூறு மடங்கில் பார்த்தேன்.

அந்த "நிட்சியா ஏதோ ஒன்று" பாசிலேரியா! பத்துப் பன்னிரண்டு குச்சிகள் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நீளமாக விரிகின்றன. சட்டென்று திரும்பி ஒரே கட்டாக அடங்குகின்றன. சீட்டுக்கட்டை விரித்து மூடுவதுபோல. பெராக்சைடில் கட்டு சிதறித் தனிக்குச்சியாகிவிட்டதால்தான் போன தடவை ஏமாந்தேன். நோட்டில் திருத்தினேன்.

டாபுலேரியாவில் சில கண்ணாடிபோல் வெற்று ஓடுகள். பாதிக்கு மேல் உள்ளே உயிர்ப்பொருளோடு பொன்பழுப்பாக நிறைந்திருக்கின்றன. பழைய சேறும் கலந்திருக்கிறது, சரி. ஆனால் இவை இன்றைய தண்ணீரில் வாழ்பவை.

கோடையில் தண்ணீர் வற்றுவதற்குள் இன்னொரு நடை போக வேண்டும். பாட்டிக்குக் காட்ட பாசிலேரியாவை போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.