உபுண்டுவில் 'ஒய்' தட்டுவதற்கு முன்

டெபியன், உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றிலும் மென்பொருள் நிறுவும் கட்டளை ஒன்றுதான்: சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்க) ஆப்ட் இன்ஸ்டால், பிறகு பேக்கேஜின் (மென்பொருள் தொகுப்பின்) பெயர். (கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.) அதற்கு முன் சூடோ ஆப்ட் அப்டேட் கொடுக்க மறந்தால், கணினி தன்னிடமுள்ள பழைய பட்டியலை நம்பி, சர்வரில் இப்போது இல்லாத பதிப்பைக் கேட்கும். நிறுவும்போது வரும் 404 பிழைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தனியாக இறக்கிய டெப் கோப்பு (ஒரு பேக்கேஜ் அடங்கிய கோப்பு) என்றால் அது இருக்கும் அடைவுக்குப் போய், ஆப்ட் இன்ஸ்டால் என்பதோடு ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, கோப்பின் பெயர். புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால் அந்தப் பெயரில் பேக்கேஜ் இருக்கிறதா என்று களஞ்சியத்தில் (பேக்கேஜ்கள் உள்ள சர்வரில்) தேடப் போய்விடும். ஆப்டுக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி மூலம் நேரடியாக நிறுவினால், சார்புகளை (அந்த நிரல் ஓடத் தேவையான பிற பேக்கேஜ்களை) அது தேடித் தராது.

நீக்குவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஆப்ட் ரிமூவ் என்ற கட்டளை நிரலை எடுத்துவிடும். ஈடிசி அடைவில் உள்ள அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். ஆப்ட் பர்ஜ் அவற்றையும் அழிக்கும். வீட்டு அடைவில் நிரல் எழுதிவைத்த மறைகோப்புகளை இரண்டுமே தொடாது. 'டிபிகேஜி -எல்' பட்டியலில் ஒரு பெயருக்கு முன் 'ஆர்சி' என்றிருந்தால், நிரல் போய்விட்டது, அமைவு மட்டும் இருக்கிறது என்று பொருள்.

பலர் தடுக்கி விழும் இடம் இது: அமைவுக் கோப்பைக் கெடுத்துவிட்டு, அதைக் கையால் அழித்து, பேக்கேஜை மறுபடி நிறுவினால் புதுக்கோப்பு வராது. நீங்கள் வேண்டுமென்றே அழித்ததாக டிபிகேஜி எடுத்துக்கொள்ளும். முதலில் பர்ஜ் செய்துவிட்டு நிறுவினால் புதுக்கோப்பு வரும். ஆனால் போஸ்ட்கிரெஸ், மரியாடிபி போன்ற தரவுத்தளங்களில் இந்த வழியை எண்ணிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். தரவையும் அழிக்கவா என்று பர்ஜ் கேட்கும். அவசரத்தில் ஆம் என்றால் அட்டவணைகள் அத்தனையும் போய்விடும்.

ஒய் (ஆம்) அல்லது என் (வேண்டாம்) கேட்கும் முன் ஆப்ட் ஒரு பட்டியல் காட்டுமே, அதை வரிவரியாகப் படியுங்கள். உபுண்டுவில் பைத்தான்3 பழையதாக இருக்கிறதென்று அதை நீக்கச் சொன்னால், அதைச் சார்ந்த டெஸ்க்டாப்பும் கூடவே பட்டியலில் வந்து நிற்கும். சந்தேகம் இருந்தால் கட்டளையில் '-எஸ்' சேருங்கள். எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லும். கேள்வி கேட்காமலே ஆம் என்று எடுத்துக்கொள்ளும் '-ஒய்' சேர்த்து நீக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஆப்ட் ஆட்டோரிமூவ் குப்பையை மட்டும் அள்ளும் என்று நினைக்க வேண்டாம். வேறொன்றுக்குத் துணையாக வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாதவற்றை அது நீக்கும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரலும் அப்படித் துணையாக வந்ததாக இருக்கலாம். அதன் பெயரோடு சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் தப்பித்துவிடும். பழைய கெர்னல்களால் (இயங்குதளத்தின் மையப்பகுதிகளால்) கணினி தொடங்கத் தேவையான பூட் பகிர்வு நிறையும்போது ஆட்டோரிமூவ் பெரிய உதவி, அதை மறுப்பதற்கில்லை.

லாக் (பூட்டு) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும், முடியும்வரை காத்திருங்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் டிபிகேஜியின் பதிவேட்டில் எழுதினால் அது சிதைந்துபோகும். நடுவில் மின்சாரம் போய் வேலை பாதியில் நின்றிருந்தால் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' என்ற வரிசையில் கொடுங்கள்.

தவறுதலாக நீக்கியே விட்டீர்களா? வார் அடைவுக்குள் லாக் (இது பூட்டு அல்ல, பதிவு என்று பொருள்படும் எல்-ஓ-ஜி), அதற்குள் ஆப்ட், அங்கே ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பு இருக்கும். எந்த நேரத்தில் எந்தக் கட்டளை ஓடியது என்பது அதில் பதிவாகியிருக்கும்; எவற்றை நீக்கியது என்பது 'ரிமூவ்' அல்லது 'பர்ஜ்' என்று தொடங்கும் வரியில் இருக்கும். அந்தப் பெயர்களை எடுத்து ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கொடுங்கள். டெஸ்க்டாப்பே போயிருந்தாலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும்; அங்கிருந்தே இதைச் செய்யலாம்.