இருபத்தேழாம் வாரத்தில் ஒரு தீவு

சுவீடனில் ஜூலை மாதம் அலுவலகத்துக்குப் போனால் ஈ ஓட்டலாம். ஈ கூட விடுப்பில் போயிருக்கும். சட்டப்படி எல்லோருக்கும் வருடத்துக்கு 25 நாள் விடுப்பு. அதில் நான்கு வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மாதத்தில் ஸ்டாக்ஹோமில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் விளக்கு எரிந்தால், உள்ளே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நம்மவராகத்தான் இருப்பார். விடுப்பை எல்லாம் டிசம்பரில் ஊருக்குப் போய்வரச் சேர்த்து வைத்துவிட்டு, கோடை முழுக்க மற்றவர்களின் வேலையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் கூட்டம் நாங்கள்.

போன வருடக் கோடையும் அப்படித்தான் போயிருக்க வேண்டியது. ஜனவரி மாத இருட்டில் ஒருநாள் என் மனைவி சொன்னாள்: "எப்படியும் லேப்டாப்பைக் கட்டிக்கிட்டுத்தான் அழப்போறீங்க. அதை நல்லதா ஒரு இடத்துல உட்கார்ந்து அழலாமே."

அப்படி ஆரம்பித்ததுதான் கோட்லாந்துத் திட்டம். இரண்டு வாரம், தீவில் ஒரு நல்ல வீடு, தினமும் வேலை, மிச்ச நேரம் விடுமுறை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது விலையைப் பார்க்காமல் வீடு எடுப்பது என்றும் முடிவு செய்தோம். அந்த வீராப்பு மூன்று நாள் தாங்கியது.

கோட்லாந்து பால்டிக் கடலில் இருக்கும் பெரிய தீவு. சுவீடனின் தீவுகளிலேயே பெரியது. ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு மணி நேரம் தெற்கே நீனஸ்ஹாம்ன் துறைமுகம், அங்கிருந்து காரோடு கப்பலில் ஏறினால் மூன்றேகால் மணி நேரத்தில் தீவின் முக்கிய ஊரான வீஸ்பி. விமானமும் உண்டு. ஆனால் இட்லிப் பானை, குக்கர், கணினித் திரை, இரண்டு குழந்தைகள் ஆகியவற்றோடு போகிறவனுக்குக் கப்பல்தான் சரி. சுவீடனிலேயே வேலை அனுமதியோடு இருப்பதால், மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டதோடு எனக்கு விஷயம் முடிந்தது. இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து இப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பது வேறு கதை. அந்த விசா வேலைக்கானது இல்லை. கிளம்பும் முன்பே நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் தேதி. சுவீடன்காரர்கள் கோடையில் தேதி சொல்லமாட்டார்கள், வார எண்தான் சொல்வார்கள். "எப்போ லீவு?" என்றால் "28லிருந்து 31" என்று பதில் வரும். இங்கே வந்த புதிதில் நான் அதைப் பேருந்து எண் என்று நினைத்தேன். கோட்லாந்துக்குப் போக இந்த வாரக் கணக்கு பஞ்சாங்கம் மாதிரி அவசியம். 25ஆம் வாரத்தை ஒட்டி மிட்சோம்மர் என்னும் நடுக்கோடைப் பண்டிகை வரும், கடை கண்ணி எல்லாம் மூடியிருக்கும். 26இல் அல்மெடாலன் வாரம். 1968இல், பின்னாளில் பிரதமரான உலோஃப் பால்மே வீஸ்பியில் ஒரு லாரியின் பின்புறத்தில் ஏறி நின்று பேசியதில் தொடங்கி, இன்று நாட்டின் அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், கம்பெனிகள் அத்தனை பேரும் வந்து குவியும் திருவிழாவாகிவிட்டது. அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. 32இல் இடைக்கால ஐரோப்பாவைக் கொண்டாடும் வாரம், ஊரே கவச உடையும் நீண்ட அங்கியும் போட்டுக்கொண்டு திரியும்.

நடுவில் 29ஆம் வாரம் இருக்கிறது பாருங்கள், அதை 'ஸ்டாக்ஹோம் வாரம்' என்பார்கள். தலைநகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வந்து ஆடித் தீர்க்கும் வாரம். முன்பெல்லாம் ஷாம்பெயினை ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி அடிப்பார்களாம். மதுக்கூடங்கள் அதைத் தடுத்ததும், 2010 வாக்கில் ஒரு புது வழக்கம் வந்தது. இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றைத் தொட்டியில் கொட்டச் சொல்வது. அதற்கு 'வாஸ்கா' என்று ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது. எங்கள் பட்டியலில் 29ஆம் வாரத்தின் மேல் மனைவி சிவப்பு மையில் ஒரு கோடு போட்டாள். அதற்கு முன்னால் மிஞ்சியது 27, 28.

அடுத்தது வீடு. வீஸ்பிக் கோட்டைக்குள் தங்கலாம் என்பதுதான் என் ஆசை. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சுற்றுச்சுவர் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னும் நிற்கிறது. உள்ளே இடிந்த தேவாலயங்களும் சுவரெல்லாம் ரோஜாக் கொடிகளும். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஊர். ஆனால் கோடையில் அதற்குள் வெளியாட்களின் கார் போகக் கட்டுப்பாடு. கணினித் திரையைக் கூழாங்கல் பாவிய மேட்டுத் தெருவில் உருட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம். கிழக்குக் கரையில், யூகார்ன் பக்கம் பார்த்தோம்.

'சொந்தக் கடற்கரையோடு வீடு' என்று தேடியது என் அடுத்த அறியாமை. இந்த நாட்டில் கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் தனி அனுமதி இல்லாமல் புதிதாக எதுவும் கட்ட முடியாது. 1950-களிலிருந்து இருக்கும் சட்டம். போதாததற்கு, அடுத்தவர் வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல் மாதிரியான இடங்களைத் தவிர எங்கே வேண்டுமானாலும் யாரும் நடக்கலாம், குளிக்கலாம், காட்டில் பழம் பறிக்கலாம் என்ற பொது உரிமை. ஆக, எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் கடலைப் பட்டா போட்டுத் தரமாட்டார்கள். வாரம் 32,000 குரோனர் கொடுக்கும் எனக்கும், மிதிவண்டியில் வந்து ஓர் இரவு கூடாரம் அடிக்கும் மாணவனுக்கும் ஒரே கரை, ஒரே கடல். இது முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெண் எங்கள் பையனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததும் எரிச்சல் போய்விட்டது.

32,000 குரோனரில் என்ன வராது தெரியுமா? படுக்கை விரிப்பு வராது, துண்டு வராது. கிளம்பும்போது வீட்டைக் கழுவித் துடைக்கும் வேலையும் நம்முடையது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டலாம். ஊரில் அண்ணனிடம் போனில் சொன்னேன். "அந்தக் காசுக்கு இங்க கால் அமுக்கி விடுவாங்கடா" என்றார்.

சரி, வேலை நேரம். இந்தத் திட்டத்திலேயே நான் பெருமைப்படும் ஒரே பகுதி இதுதான். எங்கள் குழுவில் பாதிப் பேர் சென்னையில். கோடையில் வித்தியாசம் மூன்றரை மணி நேரம். அங்கே காலை ஒன்பதரை என்றால் தீவில் ஆறு. அவர்கள் மாலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது எனக்கு மதியம் இரண்டரை. ஆகவே ஆறு மணிக்கு உட்கார்ந்து இரண்டரைக்கு மூடுவது என்று வைத்துக்கொண்டேன். ஜூலை தொடக்கத்தில் தீவில் சூரியன் நாலு மணிக்கு முன்பே வந்துவிடுகிறது, இரவு பத்தை ஒட்டித்தான் இறங்குகிறது. முழு நாள் வேலை பார்த்த பிறகும் ஏழு மணி நேரத்துக்கு மேல் வெயில் மிச்சம்! சென்னையில் இரண்டரை மணிக்கு வேலை முடிந்தால்கூட இவ்வளவு பகல் கிடைக்காது. நார்வே, டென்மார்க் என்று எங்கே போனாலும் கோடையில் இந்தக் கணக்கு உதவும். ஆனால் இருட்டுத் திரைச்சீலை இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். நாங்கள் கேட்கவில்லை. முதல் இரவு சின்னவள் மூன்றே முக்காலுக்கு எழுந்து பல் தேய்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பையைத் தேடினாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள்தான் பெரிய இடி. விளம்பரத்தில் 'ஃபைபர் இணையம்' என்று போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அது வந்து இறங்கியது வீட்டுக்காரர் இருக்கும் முன்கட்டில். எங்களுடையது பின்னால், பழைய கொட்டகையைப் பிரமாதமாகப் புதுப்பித்த வீடு. கோட்லாந்துச் சுண்ணாம்புக்கல் சுவர், இரண்டடிக்கு மேல் கனம். சன்னலோரம் அழகாக ஒரு மேசை. அந்த மேசையில் வைஃபை சிக்னல் ஒற்றைக் கோடு. ஆறு மணிக் கூட்டத்தில் என் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றதை நண்பர் படம் பிடித்துக் குழுவில் போட்டார்.

வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்த நாட்டில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். எனக்கு இன்னும் நாக்கு கூசும், பெயரை விழுங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "அந்த ஃபைபருக்கு நானே பள்ளம் தோண்டினேன்" என்றார். கோட்லாந்தின் பல கிராமங்களில் ஊர்க்காரர்களே சங்கம் சேர்ந்து, டிராக்டர் ஓட்டி, குழாய் பதித்து வீட்டுக்கு வீடு ஃபைபர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் வயலைக் குறுக்கே கைகாட்டி, எந்தப் பாறையில் மண்வெட்டி முறிந்தது என்பதுவரை சொன்னார். பிறகு எழுந்து போய், கொட்டிலிலிருந்து ஒரு கட்டு ஊதா நிற நெட்வொர்க் கேபிளை எடுத்துவந்தார். முன்கட்டுச் சன்னல் வழியாக வெளியே விட்டு, ரோஜாச் செடிக்குக் கீழே இழுத்து, எங்கள் சமையலறைச் சன்னலில் நுழைத்தோம். அதற்குப் பிறகு ஸ்டாக்ஹோம் அலுவலகத்தை விட வேகம். சன்னலை மட்டும் இரண்டு வாரமும் முழுதாக மூட முடியவில்லை.

சனிக்கிழமை வடக்கே ஃபோரோ என்னும் குட்டித் தீவுக்குப் போனோம். ஃபோரோசுந்திலிருந்து மஞ்சள் நிறப் படகு, கார் ஏற்றிக்கொண்டு பத்து நிமிடத்துக்குள் அக்கரை. அரசின் சாலையில் ஒரு துண்டு என்று கணக்கு, அதனால் கட்டணம் கிடையாது. ஜூலையில் வரிசையில் நிற்பதுதான் கட்டணம். திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 2007 ஜூலையில் இறந்ததும் இந்தச் சின்னத் தீவில்தான். தேவாலயத்து இடுகாட்டின் ஓரத்தில் கல்லறை.

லாங்ஹாமர்ஸ் கரையில் 'ரவுக்' என்னும் சுண்ணாம்புக்கல் தூண்கள் நிற்கின்றன. அலை அரித்து அரித்து மிச்சம் விட்டவை. பக்கத்தில் போனால் கல்லுக்குள் பவளத்தின் தேன்கூட்டு அச்சு தெரிகிறது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த நிலமெல்லாம் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பக்கடலின் அடியில் பவளத்திட்டாக இருந்ததாம். பையன் காலடியிலிருந்து சின்னச் சின்ன வளையம் கோத்த மாதிரி ஒரு கல்லை எடுத்து, "அப்பா, திருகாணி" என்றான். கடல் அல்லி என்னும் கடல் உயிரியின் தண்டு, கல்லாகிப்போனது. அந்த நேரம் தண்ணீரில் கால் வைத்தேன். நிலநடுக்கோடு எங்கோ தூரமாகப் போய்விட்டது, சந்தேகமே இல்லை.

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதப்போவதில்லை, ஒன்றைத் தவிர. குங்குமப்பூ அப்பம். 'பான்கேக்' என்று பெயரே தவிர, உண்மையில் அது பாலில் வேகவைத்த அரிசிக் கூழில் முட்டை, பாதாம், குங்குமப்பூ கலந்து அடுப்பில் சுட்டது. சதுரமாக வெட்டி, மேலே கருநீல 'சால்ம்பேர்' பழ ஜாமும் க்ரீமும். மனைவி ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு யோசித்தாள். "பால் பாயாசத்தை மறந்துபோய் அடுப்பிலேயே விட்டுட்டா இப்படித்தான் வரும்" என்றாள். பிறகு இன்னொன்று வாங்கினாள்.

ஆடம்பரம் என்று போனவர்களுக்குத் தீவு வைத்த பரீட்சை தண்ணீர். மேலே மெல்லிய மண், கீழே விரிசல் விட்ட சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் நிலத்தில் தங்குவதில்லை. கோடையில் விருந்தாளிகள் பெருகும்போது தட்டுப்பாடு வருகிறது. தோட்டத்துக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் விடக்கூடாது, நீச்சல் தொட்டி நிரப்பக்கூடாது என்று தடை வருவது வழக்கம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்கூட இருக்கிறது, நம் நெம்மேலி மாதிரி. எங்கள் குளியலறையில், இத்தாலியப் பளிங்குக்கல்லுக்கு மேலே, கையால் எழுதிய சீட்டு: குளியல் மூன்று நிமிடம். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து வரிசையில் நின்ற அம்மாவிடம் காணொளியில் காட்டினேன். "அங்கயுமா?" என்று சிரித்துவிட்டு, காய் கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். அந்த ரோஜாச் செடிக்கும் கேபிளுக்கும் சேர்த்து.

கடைசிச் சனிக்கிழமை. பத்து மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்றால் 2,500 குரோனர்.

"இத்தனை செலவு பண்ணியாச்சு, இதையும் கொடுத்துடலாமே," என்றேன்.

"நம்ம தலைமுடியை நாமதான் எடுக்கணும்," என்றாள். கையில் துடைப்பான் வந்தது.

ஏழு மணிக்குக் குளியலறைத் தரையில் முட்டி போட்டிருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீர் எடுத்தேன். சீட்டைப் பார்த்தேன். பாதியைத் திரும்பக் குடத்தில் ஊற்றிவைத்தேன். வெளியே வீட்டுக்காரர் ரோஜாச் செடிக்கடியில் குனிந்து, ஊதாக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.