பிழையே இல்லாத பதினொரு படிவங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பி.எஃப். டிரஸ்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன்கீழ் விலக்கு வாங்கிய கம்பெனிகள், தொழிலாளர்களின் பி.எஃப். பணத்தைத் தாங்களே டிரஸ்ட் வைத்து நிர்வகிக்கலாம். அறங்காவலர்களில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சரிபாதி. என் மேஜைக்கு வருபவை செட்டில்மென்ட் படிவங்கள். வேலையை விட்டுப் போனவருக்குக் கணக்கு முடித்து, பணத்தை அவர் வங்கிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு முதலில் பழகிப்போவது பிழைகள்தான். நம் ஊரில் இனிஷியல் ஒன்று போதும். எங்கள் பதிவேட்டில் 'கே. முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் கந்தசாமி', பாஸ்புக்கில் 'முருகேஷ்'. பெண்கள் பாடு இன்னும் சிரமம். வேலைக்குச் சேரும்போது அப்பா பெயர், விட்டுப் போகும்போது கணவர் பெயர். பத்துப் படிவம் வந்தால் ஆறேழு திரும்பிப் போகும். திருத்தி வாங்கிவர ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

2017இல் ஒருநாள், ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் சூப்பர்வைசர் பதினொரு படிவங்களை மொத்தமாகக் கொண்டுவந்து வைத்தார். ஒப்பந்தத் தொழிலாளர்களும் எங்கள் டிரஸ்டிலேயே இருந்த காலம் அது. பதினொன்றிலும் ஒரு பிழைகூட இல்லை. ஆதாரில் இருக்கும் எழுத்து அப்படியே பாஸ்புக்கிலும், அப்படியே எங்கள் பதிவேட்டிலும். எல்லோரும் ஒரே மாதம் சேர்ந்திருந்தார்கள்; பதினெட்டு மாதம் கழித்து ஒரே மாதம் விலகியிருந்தார்கள். வங்கிக் கணக்குகள் ஒரே கிளையில், ஒரே வாரத்தில் திறந்தவை. விலகி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி முடிந்த மறுநாளே படிவம் வந்துவிட்டது. பணத்துக்கு அவசரப்படும் தொழிலாளி யாரும் தேதியை இவ்வளவு துல்லியமாக எண்ணிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை.

கேட்டில் வைக்கும் வருகைப் பதிவேட்டையும் கேன்டீன் டோக்கன் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். பதினொரு பேரில் ஒருவர்கூட ஒருநாளும் உள்ளே வரவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஆளுக்கு மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று காட்டியிருந்தார்கள். தொழிலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி பங்கான 12இல் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மீதி 3.67 பி.எஃப்.க்கு வரும். ஆக மாதம் 1,567 ரூபாய்; பதினெட்டு மாதத்துக்கு 28,206 ரூபாய், அதற்கு மேல் வட்டி. ஐந்து வருட சேவை முடியாமல் எடுப்பவருக்கு, தொகை 50,000 ரூபாயைத் தொட்டால்தான் வரிப்பிடித்தம். இது தொடவில்லை. இவ்வளவு சின்னத் தொகைக்காகவா இத்தனை மெனக்கெடல் என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் நாள் புரிந்தது. ஒப்பந்தக்காரர் தன் ஆட்களுக்கு பி.எஃப். கட்டியதற்கான சீட்டை இணைத்தால்தான் எங்கள் கம்பெனியில் அவருடைய பில் பாஸாகும். அவர் கட்டாமல் விட்டால் பொறுப்பு எங்கள் தலையில் விழும் என்பதால் வைத்த ஏற்பாடு. அந்தச் சீட்டுதான் இல்லாத பதினொரு பேரையும் இருப்பவர்களாக ஆக்கியது. அவர்கள் பெயரில் பதினெட்டு மாதம் போன சம்பளம் 19 லட்சத்து 80 ஆயிரம். சீட்டுக்காகச் செலவழித்த பி.எஃப். பணமும் வட்டியோடு திரும்பி வருகிறது. அதுவும் எப்படி வருகிறது? 'பி.எஃப். செட்டில்மென்ட்' என்ற பெயரில். வங்கியில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு மனிதன் உழைத்துச் சேர்த்த பணம் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி நம் நாட்டில் வேறு என்ன இருக்கிறது!

அறங்காவலர் கூட்டத்தில் வைத்தேன். தொழிற்சங்கத்திலிருந்து வந்த அறங்காவலர்தான் எனக்காகப் பேசினார். "மேடம் சொல்றது சரி, பணத்தை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினார்கள். ஒப்பந்தக்காரரை மாற்றினார்கள். போலீஸுக்குப் போகவில்லை, கம்பெனி பெயர் கெடும் என்றார்கள். ஒப்பந்தக்காரரின் வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட எங்கள் ஆள் யார் என்றும் யாரும் கேட்கவில்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

2019இல் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சந்தாதாரர்களைச் சேர்த்து, பணத்தை வாங்கி அனுப்பும் வேலை. அங்கே 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். பயிற்சி வகுப்பில் முதலில் சொன்னது, ஓய்வூதிய நிதிகளில் ஆபத்து குறைவு என்பது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க வழி சொல்லும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பின் பரிந்துரைகளிலேயே அப்படித்தான் இருக்கிறது: சந்தா சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டால், உறுப்பினர் தன் உரிமையை வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாதென்றால், அந்தத் திட்டத்தைக் குறைந்த ஆபத்துள்ளதாக எடுத்துக்கொள்ளலாம். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே அந்தப் பதினொரு படிவம் ஞாபகத்துக்கு வந்தது. சம்பளமே பொய்யென்றால் சம்பளத்தில் பிடித்தது எப்படி மெய்யாகும்? விதி தப்பில்லை. அது நிற்கும் தரை, அந்த ஆள் நிஜமாகவே வேலைக்கு வந்தார் என்பதுதான். அந்தத் தரையைச் சோதிப்பது யார் வேலை என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எனக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இன்னொரு வாசலும் உண்டு. முதல் அடுக்குக் கணக்கில் போட்ட பணத்துக்கு அப்போது பொதுவாக 60 வயதுவரை பூட்டு. இரண்டாம் அடுக்குக் கணக்கில் பூட்டு கிடையாது; இன்று போட்டு, வேண்டும்போது எடுக்கலாம். ஒரு சந்தாதாரர் முதல் அடுக்கில் குறைந்த தொகையைக் கட்டிவிட்டு, இரண்டாம் அடுக்கில் லட்சம் லட்சமாகப் போட்டார். சில நாளில் வங்கிக் கணக்கை மாற்றினார், உடனே எல்லாவற்றையும் எடுத்தார். மறுபடி அதே சுற்று. வருமானம் என்று படிவத்தில் எழுதியதற்கும் போட்ட தொகைக்கும் சம்பந்தமே இல்லை. சேமிக்க வருபவர் லாப நஷ்டம் பார்ப்பார். இவர் ஒருமுறைகூட யூனிட் விலையைக் கேட்கவில்லை.

அப்போதைய விதிப்படி, சந்தேகம் உறுதியானதும் ஏழு வேலை நாளுக்குள், இப்படிப்பட்ட பணப் பரிமாற்றங்களை ஆராயும் மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பியதை அவரிடம் மூச்சுவிடக் கூடாது. இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமானது இதுதான். அவரை அழைத்துவந்த முகவர் எனக்குப் பல வருடப் பழக்கம், நேர்மையானவர். "ஏன் மேடம் இவ்வளவு கேள்வி கேக்கறீங்க, கஸ்டமர் கோவிச்சுக்கறார்" என்று அவர் கேட்டபோது, "வழக்கமான சரிபார்ப்புதான் சார்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். அந்த அறிக்கை என்ன ஆனது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச் மாத அறிவிப்பின்படி, பி.எஃப். இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாதச் சம்பளம், எது குறைவோ அதை அப்போது எடுக்க முடிந்தது. டிரஸ்டில் இருந்த பழைய சகாக்கள் வீட்டிலிருந்தே இரவு பகலாகப் பணம் அனுப்பினார்கள். பட்டினிக்கு நடுவில் சரிபார்ப்பைத் தளர்த்தியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதே காலத்தில் மும்பையில், பி.எஃப். அலுவலக ஊழியர்களே போலிக் கணக்குகளின் பெயரில் கோடிக்கணக்கில் எடுத்தது பின்னால் வெளிவந்து, சி.பி.ஐ. வழக்காயிற்று. அவர்கள் வங்கிக் கணக்குக்குப் பிடித்தது யாரை? ஏழைத் தொழிலாளிகளை.

அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, நான் அம்பத்தூரைவிட்டுக் கிளம்புவதற்குச் சில மாதம் முன்பு வந்த ஒரு அக்கா. திருத்தணிப் பக்கத்துக் கிராமம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு யூனிட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஆதார் எண்ணைப் போட்டால், ஏற்கெனவே யு.ஏ.என். (எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் ஆளுக்கு ஒன்றாகவே தொடரும் பி.எஃப். எண்) இருக்கிறது, எங்கள் கம்பெனியில் பதினெட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறார் என்று கணினி சொல்கிறதாம். கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி யாரோ ஊரில் ஆதார் நகலும் கைரேகையும் வாங்கிப்போய், வங்கிக் கணக்கும் திறந்திருக்கிறார்கள். பதினொரு பேரில் ஒருவர். அதுவரை அந்தப் பதினொன்றும் எனக்கு வெறும் பெயர்கள்தான்.

"நான் இந்தக் கம்பெனி வாசலையே இன்னிக்குத்தான் பாக்கறேன் மேடம்" என்றார். நிறுத்தி வைத்த 28,206 ரூபாயும் வட்டியும் அவர் பெயரில்தான் கிடந்தது. அதைச் சொன்னேன். "உழைக்காத காசு எனக்கு வேணாம். என் நம்பரை எனக்குக் குடுத்துடுங்க, புது வேலைல பிடிக்கறதாவது ஒழுங்கா சேரட்டும்" என்றார்.

தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போடும் கூட்டு உறுதிமொழிப் படிவம், கடிதம் என்று நாலைந்து மாதம் அலைந்தோம். புது கம்பெனியின் சந்தா அவர் கணக்கில் விழ ஆரம்பித்தது. போன பொங்கலுக்கு போன் செய்தபோது பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பினார். மேலே இருந்த எங்கள் கம்பெனியின் அந்தப் பதினெட்டு மாதம் மட்டும் இன்னும் அழியவில்லை.