ஆயாம்மா சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்

உபவாச ஜெபத்தில், கன்வென்ஷனில், பெரிய ஊழியக்காரர் வாயில் ஆண்டவர் பேசுவார் என்று எதிர்பார்க்க எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெட்பேன் கழுவுகிறவர் வாயிலும் பேசுவார் என்று ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் மெடிக்கல் வார்டுக்கு இன்சார்ஜாக வந்த பிறகுதான் எனக்கு அது பிடிபட ஆரம்பித்தது.

எங்கள் ஆயாம்மா நெற்றி நிறைய விபூதியோடு வருவார். காலை ஜெபத்தின்போது கதவோரம் கைகட்டி நிற்பார், ஆமென் மட்டும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வார். ஒரு நாள் மதியம் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "சிஸ்டர், ஜன்னலோரத் தாத்தா இன்னிக்கு நம்மகிட்ட சண்டையே போடல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தாத்தா சாப்பாட்டில் உப்பில்லை என்று தினமும் சண்டை போடுகிறவர். போய்ப் பார்த்தால் தட்டில் சோறு அப்படியே இருக்கிறது, இன்சுலினோ போட்டாகிவிட்டது, பனியன் வியர்வையில் நனைந்து உடம்பு சில்லிட்டிருக்கிறது, பேர் கேட்டால் குழறுகிறார். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 46. 70க்குக் கீழே போனாலே எங்களுக்குப் பதற்றம்தான். தெளிவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் புரையேறிவிடும், அதனால் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இது வெறும் அனுபவம்தானே என்று கேட்டால், சரி, அனுபவம்தான். ஆனால் எனக்கு பைபிளில் வரும் நாகமான் கதை ஞாபகம் வரும். சீரியாவின் படைத்தலைவர், குஷ்டரோகி. எலிசா தீர்க்கதரிசியிடம் போகலாம் என்ற யோசனை சிறைபிடித்து வந்த ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து வருகிறது. யோர்தான் நதியில் ஏழு தரம் முழுகு என்றதும் கோபித்துக்கொண்டு கிளம்பியவரைச் சமாதானப்படுத்தித் திருப்பியதும் வேலைக்காரர்கள்தான். அந்த அதிகாரத்தில் இரண்டு ராஜாக்களும் வருகிறார்கள். ஒருவர் தப்பான ஆளுக்குக் கடிதம் எழுதுகிறார், இன்னொருவர் அதைப் படித்துவிட்டு உடுப்பைக் கிழித்துக்கொள்கிறார்!

பழகினவர்கள் பேச்சைக் காதில் வாங்குவது இன்னும் கஷ்டம். என் வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக், சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக கேட் பக்கம் காத்திருப்பார். லினன் கணக்கு, இன்டென்ட் என்கிற சாமான் கேட்டு எழுதும் சீட்டு, டூட்டி லிஸ்ட் எல்லாவற்றையும் நானே முடித்துவிட்டு வருவதற்குள் எதிர் டீக்கடையே மூடிவிடும். ஒரு நாள் ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டே, "உன் வார்டுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க வேற யாருமே இல்லையா?" என்றார். நக்கல் என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே பைபிளில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் வாசிக்க வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவரே உட்கார்ந்து ஜனங்களின் வழக்கையெல்லாம் தீர்க்கிறார். தேவனோடு பேசுகிற மனுஷர், ஆனால் ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று ஆள் போடும்படி அவருக்குச் சொன்னது மாமனார் எத்திரோ. அவரும் இஸ்ரவேலர் இல்லை, மீதியான் தேசத்து ஆசாரியர். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், கர்த்தர் எனக்குச் சொன்னார் என்று எத்திரோ முத்திரை குத்தவே இல்லை. தேவனும் இப்படிக் கட்டளையிட்டால் உம்மாலே தாங்க முடியும் என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த முத்திரையோடு வார்டுக்கு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். "ஆண்டவர் சொல்லிட்டாரு, இனி மாத்திரை வேண்டாம்" என்று உறவுக்காரர் யாராவது சொல்ல, வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு, வலிப்பு அடங்காமல் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவார்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதீர்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு இரண்டையும் அடுத்தடுத்துத்தான் எழுதினார். ஆயாம்மா சொன்னதும் நானும் முதலில் எடுத்தது குளுக்கோமீட்டரைத்தான்.

இப்போதெல்லாம் ஷிஃப்ட் மாறும்போது கேஸ் ஷீட் வாசித்து முடித்ததும், "நீங்க என்னம்மா பாத்தீங்க?" என்று ஆயாம்மாவிடமும் கேட்கிறோம். டூட்டி லிஸ்ட்டும் இன்டென்ட்டும் ஜூனியர் சிஸ்டர்கள் கைக்குப் போய்விட்டன. ஆயாம்மா பாதி நாள் பக்கெட் ஓட்டை, பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்றுதான் சொல்வார். அதையும் எழுதிக்கொண்டு பிளம்பருக்குச் சீட்டு அனுப்புகிறோம்.