பெங்களூரு ஏரிகளுக்குத் தமிழில் ஒரு வரைபடம்: கியூஜிஐஎஸ், பைத்தானில் எங்கே முட்டியது, எப்படிச் சரியானது

பெங்களூருவில் இன்று இருக்கும் ஏரிகளையும் மறைந்துபோன ஏரிகளையும் தமிழ்ப் பெயர்களோடு ஒரே வரைபடத்தில் கொண்டுவரும் வேலை இப்போது ஓரளவு உருவம் பெற்றிருக்கிறது. தூண்டியவர் அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். "மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருக்கற இடம் ஏரி தம்பி. கண்டீரவா ஸ்டேடியமும் ஏரிதான். போடறதைத் தமிழ்ல போடு, நானும் படிப்பேன்" என்றார். அவர் சொன்னவை தர்மாம்புதி ஏரியும் சம்பங்கி ஏரியும். வரைவதற்குக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், திரும்பத் திரும்பச் செய்யவேண்டியதற்குப் பைத்தான் நிரல்மொழியும் அதில் வரைபடத் தரவைக் கையாளும் ஜியோபாண்டாஸ் தொகுப்பும்.

முதலில் ஏரிகளின் இருப்பிட எண்கள் கொண்ட ஒரு சிஎஸ்வி (அட்டவணை) கோப்பை ஏற்றினேன். லேயர் பட்டியலில் பெயர் இருக்கிறது, வரைபடத்தில் ஒரு புள்ளியும் இல்லை. 'ஜூம் டு லேயர்' கொடுத்தால் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலுக்குப் போய் நிற்கிறது! பெங்களூரு 12.97 வடக்கு, 77.59 கிழக்கு. பேச்சில் அட்சரேகைதான் முதலில் வரும். மென்பொருள் எக்ஸ் என்று கேட்பதோ தீர்க்கரேகையை. நம் ஊர்ப் புள்ளி வடதுருவப் பக்கம் போனால் வேறெங்கும் தேட வேண்டாம், இரண்டையும் இடம் மாற்றினால் போதும். ஒரு ஆயத்தொலைவு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் பைப்ராஜ் என்ற பைத்தான் தொகுப்பில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இபிஎஸ்ஜி 4326-இன் (டிகிரியில் அளக்கும் ஆயத்தொலைவு முறையின் எண் இது) அதிகாரபூர்வ வரிசையில் அட்சரேகை முதலில் வருவதால் அது அப்படியே எதிர்பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மரை உருவாக்கும்போதே 'ஆல்வேஸ்_எக்ஸ்ஒய்' என்பதை ட்ரூ என்று கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

இது கண்ணில் படும் பிழை. பரப்பளவில் வருவது அப்படியல்ல. அல்சூர் ஏரி சுமார் 50 ஹெக்டேர். 4326-லேயே கணக்கிட்டால் 0.00004 என்று வரும், அது சதுர டிகிரி, பார்த்ததும் தெரிந்துவிடும். 3857-இல், அதாவது வலை வரைபடங்களின் மெர்கேட்டரில், கணக்கிட்டால் 52, 53 ஹெக்டேர் வரும். யாருக்கும் சந்தேகம் வராது. நம் அட்சரேகையில் அந்த முறை பரப்பை 5 சதவீதம் ஊதிக் காட்டுகிறது. தில்லியில் இதுவே 30 சதவீதத்தைத் தொடும். பெங்களூருவுக்கு எடுக்க வேண்டியது மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலம், இபிஎஸ்ஜி எண் 32643. சென்னைக்கு எழுதிய ஸ்கிரிப்டில் 32644 இருக்கும், அதை அப்படியே நகலெடுக்கக் கூடாது. 78 டிகிரி தீர்க்கரேகைதான் இரண்டு மண்டலங்களுக்கும் எல்லை; கோலார் நகரம் 44-க்குள் போய்விடுகிறது. இன்னொன்று: ஜியோபாண்டாஸில் 'செட்_சிஆர்எஸ்' ஆயத்தொலைவு முறையின் பெயர்ச்சீட்டு ஒட்டுவதோடு சரி, 'டு_சிஆர்எஸ்'தான் எண்களை உண்மையில் மாற்றும். ஏரியைச் சுற்றி 30 மீட்டருக்குப் பஃபர் என்ற வளையம் போட்டு அது அரபிக்கடல் வரை பரவினால், லேயர் இன்னும் டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தம்.

அதிக நேரம் பிடித்தது தமிழ் எழுத்துகள். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகையில் ஃபீல்டு (நெடுவரிசை) பெயருக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (கொம்பு, கால், புள்ளி உட்பட) 3 பைட். "ஏரி" 9 பைட், அடங்கிவிடும். "பரப்பு" 18, வெட்டுப்படும். ஷேப்ஃபைலை விட்டு ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகைக்கு மாறியதும் இந்தப் பிரச்சினையே இல்லை, எல்லாம் ஒரே கோப்பில். தமிழில் வேலை செய்பவர்கள் ஷேப்ஃபைலைத் தொடவே வேண்டாம் என்பேன்.

அப்புறம் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளை இணைத்தபோது தொட்டநெக்குந்தி ஏரி மட்டும் வெறுமையாக வந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒரே பெயர்தான். ஒரு கோப்பில் "தொ"வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி, இன்னொன்றில் தனித்தனியே இரண்டு குறிகள். பைத்தானில் 'யூனிகோட்டேட்டா'வின் நார்மலைஸில் என்எஃப்சி (சேர்த்து எழுதும் வடிவம்) கொடுத்து இரண்டையும் ஒரே வடிவமாக்கியதும் இணைந்துவிட்டது. தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் எந்த ஸ்கிரிப்டுக்கும் இதை முதல் வரியாகவே வைக்கலாம்.

படம் வரையும் பைத்தான் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் படமாக எடுத்தபோது முதலில் வெறும் கட்டங்கள், கூடவே 'கிளிஃப் 2986 மிஸ்ஸிங்' என்ற எச்சரிக்கை. 2986 என்பது "ப". நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டைக் கொடுத்ததும் எழுத்து வந்தது, ஆனால் பெல்லந்தூர் ஏரிப் பெயரின் ஒற்றைக்கொம்பு "ப"வுக்குப் பின்னால் நின்றது. யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் கொம்பு சேமிக்கப்படுகிறது. முன்னால் கொண்டுவந்து வைப்பது ஷேப்பிங் செய்யும் நிரலின் வேலை. என்னிடம் உள்ள மேட்பிளாட்லிப் பதிப்பில் அது இல்லை. கியூஜிஐஎஸ் இதைச் சரியாகச் செய்வதால் கணக்கைப் பைத்தானில் முடித்து, பெயர் எழுதுவதை மட்டும் கியூஜிஐஎஸ் லேஅவுட்டில் வைத்துக்கொண்டேன். பெரியவருக்காக எழுத்தையும் பெரிதாக்கியாயிற்று.

ஏரிக்கரைக் கோடு தன்னையே வெட்டிக்கொண்டால் வரும் 'டோபாலஜி' பிழைக்கு, வடிவங்களைக் கையாளும் ஷேப்லி தொகுப்பின் 'மேக்_வேலிட்' போதும். பஃபர் பூஜ்யம் என்ற பழைய குறுக்குவழி சில நேரம் ஏரியின் ஒரு பகுதியையே விழுங்கிவிடும்.

இப்போது கையில் இருப்பது சம்பங்கி ஏரியின் கரை. பழைய வரைபடத்தைக் கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சர் கருவியில் இன்றைய இடங்களோடு பொருத்த, இடம் மாறாத கட்டடங்களைப் பிடித்திருக்கிறேன்: அல்சூர் சோமேஸ்வரர் கோயில், பசவனகுடி நந்தி கோயில், செயின்ட் மார்க்ஸ் கதீட்ரல். மேற்குப் பக்கம் இன்னும் விலகல் அதிகம். அங்கே நம்பகமான புள்ளி ஒன்று கிடைத்தால் தர்மாம்புதியையும் வரைந்துவிடலாம்.